நடராஜன், தங்கராசு

கிரிக்கெட் வீரர், இடக்கை வேகப்பந்து வீச்சாளர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்தவர். ஊர் மைதானங்களில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்து, சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷனுக்கு உயர்ந்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். பந்துவீச்சு முறை குறித்துப் புகார் எழவே, அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் களமிறங்கினார்.

2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் இவர் வீசிய யார்க்கர்கள் கவனம் பெற்றன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 ஐ.பி.எல்லில் ஐதராபாத்துக்காக 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வெளியேற்றுச் சுற்றில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரும் அவற்றில் ஒன்று.

அதே ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கான இந்திய டி-20 அணியில், வருண் சக்கரவர்த்தி காயமடைந்ததால் இவருக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 2-இல் ஒருநாள் போட்டியிலும், 4-இல் டி-20 ஆட்டத்திலும் அறிமுகமானார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத் தங்கியவருக்கு, முன்னணி வீச்சாளர்கள் காயமுற்றதால், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் வாய்ப்பு. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே. சொந்த ஊரில் இவர் அமைத்த கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது.