வரவேற்பறை எந்திரமும் கொல்லைப்புற மனிதனும்

ரோபோ என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது அறிவியல் அன்று; இலக்கியம். செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் அது முதலில் இடம்பெற்றது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். குடியானவன் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்த வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்னும் சொல்லும் ஏறத்தாழ இப்பொருளதே. எந்திரத்தின் பெயருக்குள் ஓர் அடிமை இருக்கிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தமிழ் வாசகருக்கு வீட்டு எந்திரம் அறிமுகமானது நாய் வடிவில். 1980களில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' தொடரில் படைத்த ஜீனோவை யார் மறக்க முடியும்? 1999இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்னும் எந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஜப்பானில் 3,000 நாய்கள் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. 2002இல் அமெரிக்காவில் 'ரூம்பா' வந்தது. எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 1990இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. ஆய்வுக்கூடத்து எந்திரம் இவ்வாறு வீட்டுத் தரையைப் பெருக்க வந்து சேர்ந்தது. அதன் வாரிசுகளை இன்று தாம்பரம், சேலையூர் அடுக்ககங்களிலும் காண்கிறோம்.

வரவேற்பறை இப்படி. கொல்லைப்புறம்?

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதன் பல பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் இல்லை, செப்டிக் டேங்க்தான். நிறைந்தால் லாரியை அழைக்கிறோம். குழாய் நீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிப்போன கசடு எளிதில் அசையாது. அதற்காகத்தான் மனிதனை உள்ளே இறக்கினார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன். ஒருவர் மயங்க, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

இதற்கு ஒரு விடை நம் அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்தது. பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர், அங்கே உருவான சொலினாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஹோமோசெப்' எந்திரத்தை வடிவமைத்தனர். மடக்கிய குடைபோல் குறுகிய வாய்வழியே இறங்கி, உள்ளே விரிந்து, சுழலும் அலகுகளால் கசடைக் குழம்பாக்குகிறது. பின் அதைக் குழாய் உறிஞ்சிவிடுகிறது. 2022இல் முதல் எந்திரங்கள் தமிழகத்தில் களமிறங்கின. இப்பணியில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டன என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தி.

ஹோமோசெப்புக்கு முகமில்லை, ஜீனோவைப்போல் பேசவும் தெரியாது. ஆயினும் சாபெக்கின் சொல்லுக்குள் இருந்த அடிமையை விடுவிக்க வந்த எந்திரம் இதுவே என்போம். அது எல்லாத் தெருக்களுக்கும் வந்துசேரும்வரை, நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை லாரியை அழைக்கையில், அடிக்கசடை எடுக்கப்போவது யார் என்று கேட்போம். 'யார்' என்ற கேள்விக்கு ஒரு மனிதன் விடையாக வந்தால், அந்த லாரியைத் திருப்பி அனுப்புவோம்.