சம்பளச் சீட்டும் ஜீவனாம்சமும்



போன வாரம் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து நேரே என் வீட்டுக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி, கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். பிரிந்து போன கணவர் அரசு ஊழியர். பிள்ளைக்குக் காசு தருவதில்லை. அவருடைய சம்பளத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, 'மூன்றாம் நபர் விவரம்' என்று அலுவலகம் மறுத்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அப்பா மூன்றாம் நபராம்!

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவிலேயே ஜீவனாம்சம் உண்டு. 1955-இல் அதன் மாத உச்சவரம்பு 500 ரூபாய் ஆனது. 1973-இல் புதுச் சட்டமும் 125-ஆம் பிரிவும் வந்தன. தொகை மட்டும் அதே 500. 2001-இல்தான் வரம்பு நீங்கியது. நாற்பத்தாறு வருஷம்! அதற்குள் வாத்தியார் சம்பளமே எத்தனை ஊதியக்குழுவைப் பார்த்துவிட்டது.

வரம்பு போனதும், சம்பளம் எவ்வளவு என்பதே சண்டையானது. அரசு ஊழியரின் பணி, சொத்து விவரங்கள் அவருடைய சொந்த விவரம் என்றது 2012-இல் உச்ச நீதிமன்றம். 2018-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமோ, கணவர் வாங்கும் சம்பளத்தை அறிய மனைவிக்கு உரிமை உண்டு என்றது. பிறகு 2020 நவம்பர் 4, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கு: ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடனை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

அந்தப் பத்திரத்தையும் அலுவலகச் சம்பளச் சான்றையும் நீதிமன்றத்திலேயே கேட்கப் போகிறோம். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகள் யாராவது மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.