கிடங்கு, குடாங், குடோன்

தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, சிங்களத்தில் குதம, இந்தியில் கோதாம், மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் குடாங், ஆங்கிலத்தில் கொடௌன் எனச் சரக்கு வைக்கும் கட்டடத்துக்கு வழங்கும் பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயல் அன்று. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் திரட்டி யூல், பர்னெல் ஆகிய இருவரும் உருவாக்கி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இச்சொல் மலாய் நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்றும், ஆனால் அதன் வேர் தென்னிந்தியாவில் இருக்கலாம் என்றும் கூறுகிறது. முரண்போலத் தோன்றினும் இவ்விரு கூற்றும் ஒருங்கே பொருந்தக்கூடியவையே.

'கிட' என்னும் வினையடியிலிருந்து பிறந்த கிடங்கு, பழந்தமிழில் கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுக்குரியதும் இன்றைய திண்டிவனத்தை அடுத்து இருந்ததுமான கிடங்கில் என்னும் ஊரின் பெயரிலும் இச்சொல் தெரிகிறது. நீர் கிடக்கும் பள்ளத்துக்கு வழங்கிய பெயர், பண்டம் கிடக்கும் இடத்துக்கும் ஆகிவந்ததில் வினையின் பொருள் சிறிதும் மாறவில்லை.

இச்சொல் கடல் கடந்ததற்கு நேர்ச்சான்று தேடுவதைவிட, அதனுடன் சென்ற சொற்களைப் பார்ப்பதே தக்கது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு அங்கு இயங்கியதைக் காட்டுகிறது. மலாயில் வழங்கும் கெடாய் (கடை), கப்பால் (கப்பல்), பெத்தி (பெட்டி), மோடால் (முதல்) ஆகியவை அனைத்தும் வாணிபத்துக்கு வேண்டிய சொற்களே. கடையும் கப்பலும் முதலும் சென்ற வழியில் கிடங்கு மட்டும் செல்லாமல் இருந்திருக்கும் எனக் கருதுவதே கடினம். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பியரிடையே பரவிய இச்சொல்லை, ஆங்கிலேயர் கீழைத் துறைமுகங்கள் எங்கும் வழங்கினர்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அப்படிப்பட்ட கட்டடங்கள் வரிசையாக நின்றன. படகில் வந்த அரிசி, மிளகு மூட்டைகளைக் கூலியாட்கள் தோளில் சுமந்து, ஆடும் பலகையின்மீது நடந்து, கரைப்படி ஏறி உள்ளே அடுக்கினர். 1983இல் சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டதும் அத்தொழில் அங்கே முடிந்தது. இந்தோனேசியாவிலோ, 1958இல் கெதிரி நகரில் தொடங்கிய கிராம்புச் சிகரெட் நிறுவனம் ஒன்று 'உப்புக் கிடங்கு' எனப் பொருள்படும் குடாங் கராம் என்ற பெயரால் நாடறிந்ததாயிற்று.

ஆங்கிலத்திலிருந்து குடோன் என்னும் வடிவில் தமிழுக்கு வந்த சொல், மூலச்சொல்லை விரட்டவில்லை. இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. வணிகரின் பேச்சில் அரிசி குடோனும் துணி குடோனும் நிலைத்துவிட்டன. வெடிமருந்துக்கும் அரசின் தானியச் சேமிப்புக்கும் எழுத்துத் தமிழில் கிடங்கே வழங்குகிறது. சென்னையின் கழிவு மலையாய்க் குவியும் கொடுங்கையூரும் பெருங்குடியும் நாளிதழ்களில் எப்போதும் குப்பைக் கிடங்குகளே.