பீப்பாயும் துளையும்: அமெரிக்க நச்சுக்கழிவுத் தள விதியில் துளையிடுவோரின் இடம்

அமெரிக்க நச்சுக்கழிவுத் தளங்களில் வேலை செய்வோருக்காகத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா போட்ட விதி (29 சிஎஃப்ஆர் 1910.120) பீப்பாய்களைக் கண்ட அச்சத்தில் பிறந்தது என்பது நிலைபெற்றுவிட்ட கருத்து. லவ் கால்வாய், கென்டக்கியின் ‘பீப்பாய்ப் பள்ளத்தாக்கு’, 1980இல் எலிசபெத் நகரில் எரிந்த கெமிக்கல் கன்ட்ரோல் கிடங்கு என்று நச்சுக்கழிவு கேடுவிளைத்த இடங்களைச் சான்றாக அடுக்குவார்கள். பிறப்பு அப்படித்தான், பீப்பாய் கையாளுதலுக்கு விதியில் தனிப் பிரிவே உண்டு, துளையிடலுக்கு இல்லை. ஆனால் அதைக் கொண்டு, துளையிடுதலை விதி இலேசான வேலையாகக் கருதியது, 24 மணிநேரப் பயிற்சி அதற்குப் போதும் என்று முடிவுகட்டுவதை ஏற்க முடியவில்லை.

இந்த வாசிப்பின் முதல் பிடிமானம் பயிற்சிப் பிரிவு. எப்போதாவது வந்து குறிப்பிட்ட சிறு வேலையைச் செய்துவிட்டுப் போவோருக்கு 24 மணிநேரப் பயிற்சியும் ஒரு நாள் கள அனுபவமும் போதும் என்கிறது அது. நிலத்தடி நீர் கண்காணிப்பு, நில அளவை, புவி இயற்பியல் அளவை ஆகியன எடுத்துக்காட்டுகள். துளையிட்டுக் கண்காணிப்புக் கிணறு போடுபவரையும் இதற்குள் தள்ளிவிடுகிறார்கள். போட்டு முடித்த கிணற்றில் நீர் மாதிரி எடுப்பவரும் அதைப் போடுபவரும் ஒரே ஆபத்தில் நிற்பவர்களா? ஆகர் என்ற திருகுத் துளைப்பான் சுழன்று மேலே தள்ளும் மண், ரிக் எனப்படும் துளையிடும் இயந்திரத்தின் உதவியாளர் காலடியில் குவிகிறது. அதிலிருந்து எழும் ஆவி அவர் மூச்சில் கலக்கிறது. வரம்புக்கு மேல் நச்சுக்கு ஆளாக வாய்ப்பில்லாதவருக்கே இச்சலுகை என்று விதியே நிபந்தனை போடுகிறது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தானே துளையிடுகிறார்கள்!

இரண்டாவது பிடிமானம் காற்றுக் கண்காணிப்புப் பிரிவில் அடைப்புக்குறிக்குள் வரும் சிறு தொடர். வேறு வகை வேலை தொடங்கினால் காற்றை மீண்டும் அளக்க வேண்டுமா என்று பரிசீலிக்க வேண்டும் என்ற இடத்தில், ஆய்வுக் கிணறு துளையிடலுக்கு மாறாகப் பீப்பாய் திறத்தல் எடுத்துக்காட்டாக வருகிறது. துளையிடல் எளிது, பீப்பாய் கடிது என்று இதைப் படிக்கிறார்கள். எனக்கு அதில் ஏற்றத்தாழ்வு எதுவும் தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு வேலை, அவ்வளவே. அடைப்புக்குறிச் சான்று மெலிந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தளப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே ஆபத்துப் பகுப்பாய்வு வேண்டும் என்ற பிரிவோடு சேர்த்துப் படித்தால் அதற்குக் கனம் கூடுகிறது.

பீப்பாய்ப் பிரிவும் என் பக்கமே சாய்கிறது. புதைந்த பீப்பாய்களின் இடத்தையும் ஆழத்தையும் கருவிகொண்டு கணிக்கச் சொல்கிறது அது. அந்தக் கணிப்பு இல்லாமல் இறங்கினால் பீப்பாயை முதலில் தொடப்போவது ஆகரின் நுனி.

எல்லாவற்றையும்விட வலுவானது இவ்விதியைப் போடச் சொன்ன தாய்ச் சட்டம். 1986 அக்டோபர் 17இல் கையெழுத்தான சூப்பர்ஃபண்ட் (நச்சுக்கழிவுத் தளத் துப்புரவு) திருத்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இயந்திரம் இயக்குவோரைப் பெயர்சுட்டி, 40 மணிநேரப் பயிற்சியும் மூன்று நாள் கள அனுபவமும் கேட்டது. ரிக் இயக்குநர் இயந்திரம் இயக்குபவர் அல்லாமல் வேறு யார்?

துளையிடலை இலேசான வேலைகளிலிருந்து பிரிக்கும் இந்த வேறுபாடு களத்தில் எப்போது வேரூன்றியது என்பதற்கு ஒற்றை ஆண்டைக் காட்ட இயலாது. இடைக்கால விதி 1986 டிசம்பரிலும் இறுதி விதி 1989 மார்ச் 6இலும் வந்தன. இறுதி விதி நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு ஆயிற்று. ஆனால் எழுத்தில் தளத் திட்டம் வேண்டும் என்று நான்கு அரசு அமைப்புகளின் கையேடு 1985 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. 1985க்கும் 1990க்கும் இடையில் என்பதற்கு மேல் இறுக்கிச் சொல்ல நான் துணியவில்லை.