முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் இறைத்தொண்டு

சமயப் பற்று நாவளவில் நின்றுவிடின் அது வெறும் சொல்லே. கைவழியே செயலாகும்போதுதான் அது வாழ்வாகிறது. இவ்வுண்மையைத் துறவியாகவோ குருவாகவோ அன்றி, அரசாங்க ஊழியராக இருந்தே மெய்ப்பித்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' வாயிலாகத் தமிழின் முதல் புதினத்தைத் தந்தவர் என்று அவரை நாம் அறிவோம். அவர்தம் கிறிஸ்தவ வாழ்வினையோ நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணிபுரிந்தார். கோப்புகளோடு பொழுது கழிக்கும் நம்மில் பலருக்கு அந்த ஆவண அறை அயலான இடமன்று.

நீதிமன்றத் தீர்ப்புகள் அந்நாளில் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலத்துக்காக வழக்காடிய குடியானவனுக்கு எந்த நியாயத்தால் வென்றோம், எதனால் தோற்றோம் என்பது விளங்காது. பிள்ளையவர்கள் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். எளியவனுக்கு அவனது மொழியில் நீதியை எடுத்துரைத்தலும் இறைத்தொண்டே அன்றோ? 1859இல் வெளிவந்த தமது 'நீதி நூ'லில் கைக்கூலி வாங்குவோரை அவர் இடித்துரைத்தார். ஊராரின் பாவத்தைக் கண்டிப்பது எளிது; தாம் அமர்ந்திருக்கும் கச்சேரியின் குற்றத்தை எழுத்தில் வைப்பது எளிதன்று. அதுவே உண்மையான சாட்சியம்.

1872இல் அவர் ஓய்வு பெற்றார். நான்கே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஓய்வுக்கால வாழ்வுக்குரிய பொருளைப் பூட்டி வைத்துக்கொள்ள எவருக்கும் தோன்றும் காலம் அது. பிள்ளையவர்களோ அப்பொருளைக் கொண்டே கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். பசித்தவனுக்கு இட்டது தமக்கே இட்டதாகும் என்பது கிறிஸ்து பெருமானின் போதனை. அதனை அவர் மேடையேறி விளக்கவில்லை. அடுப்பு மூட்டி விளக்கினார். இவ்வறத்தைக் கண்டு உருகி அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் பாடிய சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய ஆருயிர் நண்பர்கள். எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைக'ளை இயற்றிய அவரே 'தேவமாதா அந்தாதி'யும் பாடினார். தம் சமயத்தை நெகிழவிட்டுப் பெற்ற நட்பன்று அது. ஆழ வேரூன்றிய மரம்தான் பிறர்க்கும் நிழல் விரிக்க வல்லது.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுவந்த நம்மிடையே சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் இசுலாமியரும் உள்ளனர். சங்க விழாவில் ஒரே பந்தியில் அமர்கிறோம். அது மகிழத்தக்கதே. எனினும், ஓய்வூதியத் தாளோடு வந்து நின்ற முதியவரை, "நாளை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிய நாள்கள் நம்மில் பலருக்கும் உண்டு. அவர் கேட்டது கால் மணி நேர வேலையாகவே இருந்திருக்கும். அன்றும் காலையில் நாம் இறைவனைத் தொழுதுவிட்டுத்தான் அலுவலகம் சென்றிருப்போம்.

1889இல் பிள்ளையவர்கள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நூல்களை நம் நூலகத்தில் வைத்துப் போற்றுவோம். அதனினும் மேலாக, நாளை அம்முதியவர் மீண்டும் வரும்போது, ஒரு நாற்காலி இட்டு அமரச் செய்து, அவர் காரியத்தை அன்றே முடித்துக் கொடுப்போம்.