குன்றின்மேல் ஒரு கல்லறை

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, ஏறத்தாழ 850 அடி உயரமுள்ள குன்று ஒன்று இருக்கிறது. மாண்டிசெல்லோ என்பது அதன் பெயர். இத்தாலிய மொழியில் 'சிறு மலை' என்று பொருள். உச்சியிலே தாமஸ் ஜெபர்சன் கட்டிய மாளிகை. சரிவிலே அவர் துயிலும் கல்லறை. மாளிகையின் எழில் காணவன்று நாம் அங்குச் சென்றது. மக்கள் யாவரும் நிகராகவே படைக்கப்பட்டனர் என்று 1776-இல் எழுதிய கை, தன் வீட்டில் நடத்திய வாழ்வு எத்தகையது என்று அறியவே சென்றோம்.

இரும்பு வேலியின் புறத்தே நின்று நோக்கினோம். ஓங்கி நிற்கும் கற்றூணிலே மூன்றே செய்திகள்: விடுதலைப் பிரகடனத்தை இயற்றியவர், வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டத்தை இயற்றியவர், வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தின் தந்தை. 1801 முதல் 1809 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வாறே பொறிக்க வேண்டுமென அவரே எழுதி வைத்தார். பதவியினும் பணி பெரிதெனக் கருதிய உள்ளத்தைப் போற்றுகிறோம். எந்த மதத்தையும் ஏற்கும்படி எவரையும் அரசு வற்புறுத்தலாகாது என்ற, 1786-இல் நிறைவேறிய அச்சட்டம் பகுத்தறிவாளர் நன்றியுடன் நினைக்கத் தக்கது.

ஆனால் கல் சொல்லாத கதை ஒன்று உண்டு. அந்தச் சமத்துவச் சிற்பி, தம் வாழ்நாளில் 607 மாந்தரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார்! அவர்களுள் ஒருத்தி சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனின் மனைவி மார்த்தாவுக்கும் சாலிக்கும் தந்தை ஒருவரே; ஜான் வேல்ஸ் என்பார். ஒரு மகள் மனையாட்டி. மற்றொரு மகள் அவளுக்குத் தந்தைவழி மரபுரிமையாக வந்த சொத்து! ஏன் இந்த வேற்றுமை? சாலியின் தாய் அடிமை. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று 1662-இலேயே வர்ஜீனியாவில் சட்டம் செய்திருந்தனர். பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் கொடுமைக்குச் சட்டமே காவல் நின்றது.

மார்த்தா 1782-இல் மறைந்தார். பின்னாளில் ஜெபர்சன் வழியே சாலிக்குப் பிறந்த மக்களுள் நால்வர் வளர்ந்து ஆளாயினர். அச்சட்டப்படி அவர்களும் தந்தையின் அடிமைகளே! இருவர் 1822-இல் குன்றைவிட்டு வெளியேற விடப்பட்டனர். மேடிசன், எஸ்டன் இருவரும் தந்தையின் உயில் வழி விடுதலை பெற்றனர். 1826 ஜூலை 4-இல் ஜெபர்சன் இறந்தார். உயிலிலே சாலியின் பெயர் இல்லை. கடனை அடைக்க, மறு ஆண்டு சனவரியிலே 130 அடிமைகளை ஏலங்கூற விளம்பரம் செய்தனர். தாய் வேறு, சேய் வேறாகச் சிதறின குடும்பங்கள். சாலி 1835-இல் மறைந்தார். அவருடைய கல்லறை இருக்குமிடம் எவருக்கும் தெரியாது.

உண்மையை மறைக்க எத்துணை முயற்சி! 1802-இலேயே ஒரு செய்தித்தாள் எழுதிற்று. 1873-இல் மேடிசனே வாய்திறந்து சொன்னார். அடிமை மகனின் சொல் எடுபடவில்லை. பெருமக்களின் கடிதங்களை வேதமாகக் கொண்ட வரலாற்றாசிரியர் பலர் அதைப் புறந்தள்ளினர். 1998-இல் அறிவியல் பேசிற்று: எஸ்டனின் வழித்தோன்றலிடமும் ஜெபர்சன் குடும்பத்தின் ஆண்வழியிலும் ஒரே மரபணுக் குறி காணப்பட்டது. ஆவணச் சான்றுகளையும் சேர்த்து ஆராய்ந்து, மாளிகையைப் பேணும் அறநிலையம் 2000-இல் உறவை ஏற்றது. ஆயினும் இடுகாடோ மார்த்தாவின் வழிவந்தோர் சங்கத்துக்கு உரியது. ஹெமிங்ஸ் வழியினரை உறுப்பினராகச் சேர்க்க 2002-இல் அச்சங்கம் மறுத்தது.

சரிவின் கீழே, ஊர்திகள் நிறுத்துமிடத்தின் அருகே, அடிமைகளின் இடுகாட்டையும் கண்டோம். நாற்பதுக்கும் மேற்பட்ட குழிகள். தூணில்லை, பொறித்த எழுத்தில்லை. மாளிகைக்குச் செங்கல் சுட்டவர்களும் வயல் உழுதவர்களும் இப்படித்தான் மண்ணாயினர். சுடுகாட்டிலும் சாதி பார்க்கும் நாட்டில் பிறந்த நமக்கு, அந்த வேலி புரியாத புதிரன்று.

ஜெபர்சனின் சொல்லை நாம் தள்ளவில்லை. அச்சொல்லையே அளவுகோலாகக் கொண்டு அவரை அளக்கிறோம். ஏட்டிலே சமத்துவம், வீட்டிலே அடிமைத்தனம் என்றால் அக்கொள்கை அரைகுறையே. பெருமக்களுக்குச் சிலை எடுப்போர், அச்சிலையின் நிழலிலே எவர் பெயர் மறைந்து கிடக்கிறது என்றும் கேட்கட்டும்!