கொடைக்கானல்: டோலியிலிருந்து குடும்பச் சுற்றுலா வரை

திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ உறவினர் வந்தால்தான் கொடைக்கானல் போவார்கள். தானாகக் கிளம்புகிறவர்கள் குறைவு. "இங்கனதான இருக்கு, எப்ப வேணும்னாலும் போய்க்கிடலாம்" என்பார்கள். அப்படியே பத்து வருஷம் ஓடிவிடும். சுமார் 95 கிலோமீட்டரில், ஏழாயிரம் அடி உயரத்தில், ஏரியும் குளிரும் இருக்கின்றன. மே மாதம் இங்கே தார் உருகும் வெயிலில் நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். எழுத்தர் வேலையும் கல்யாணமும் சேர்ந்து என்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தன. வெளியூர்க்காரனாக வந்ததால் இந்த வழக்கம் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டது. சோம்பல் என்றுதான் நினைத்தேன். மலையூரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, வேறு காரணமும் இருக்கும் என்று தோன்றியது. அந்த ஊர் சமவெளிக்காரர்கள் தங்கி இளைப்பாறுவதற்காகக் கட்டப்பட்டது இல்லை. நம்மவர்கள் முதலில் அங்கே போனது சுமை தூக்க.

கதை கொடைக்கானலில் தொடங்கவில்லை, நம் சிறுமலையில் தொடங்குகிறது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்களும் அவர்கள் மனைவி மக்களும் காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயரத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்று நினைத்து, முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் பங்களா கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. இன்னும் மேலே போக வேண்டும் என்று பழனி மலையைப் பார்த்தார்கள். 1845-இல் 'சன்னி சைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். இன்று தேன்நிலவுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் பேர் போன ஊர், சாவுக்குப் பயந்து ஓடியவர்கள் போட்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது.

அவர்களுக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் மலையை எட்டிப் பார்த்திருந்தார்கள். 1821-இல் லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி கிராமத்தில் முகாமிட்டு மேலே ஏறி நில அளவை செய்தார். 1834-இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார். 1836-இல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பதிவு செய்தார். 'கண்டுபிடித்தார்கள்' என்று சுற்றுலாக் கையேடுகளில் போடுகிறார்களே, அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. வார்டு தங்கிய வெள்ளகவி குன்னுவர்களின் ஊர். பளியரும் புலையரும் அந்தக் காடுகளில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கம் இருக்கும் கற்திட்டைகள் இவர்கள் எல்லோருக்கும் மிக முந்தியவை. அவற்றை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஆங்லாத். அவரும் நியூட்டனும் எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

பிரெஞ்சுக்காரர் பெயர் வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. மலைமேல் இருக்கும் சலேத் மாதா கோயில் 1866-இல் எழும்பியது. அதைக் கட்டியவர் பிரெஞ்சு இயேசு சபையின் சேன் சீர் பாதிரியார். லா சலேத் என்பது பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு சின்னக் கிராமம். 1846-இல் ஆடு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு அங்கே மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. ஆங்கிலம் படித்தவர்கள் 'சலெட்டி' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊர்ச் சனங்கள் 'சலேத்' என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சு உச்சரிப்பு அதுதான்! பள்ளியில் பிரம்படி வாங்கி உச்சரிப்புக் கற்ற எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகம் ஒன்றில் அன்சி நகரத்து ஏரியின் படம் இருந்தது. சுற்றிலும் பனிமலை, நடுவில் நீலத் தண்ணீர், ஓரத்தில் படகுகள். பின்னாளில் கொடைக்கானல் ஏரியைப் பார்த்தபோது அந்தப் படம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அன்சி ஏரி பனியாறுகள் குடைந்து விட்டுப்போன பள்ளம். சுமார் 27 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம்முடையது 60 ஏக்கர், அதாவது 24 ஹெக்டேர். அன்சிக்குள் நூறு கொடைக்கானல் ஏரியைப் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். தவிரவும், நம் ஏரி இயற்கையானது இல்லை. சோலைக்காட்டு ஓடைகள் வந்து சேர்ந்த சதுப்புநிலம் அது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் கரை போட்டு ஓடையை மறித்தார். நட்சத்திரம் போல் கைகால் விரித்துக் கிடக்கிறதே, அது பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் ஏறி நின்றதால் வந்த வடிவம். அதற்கு நாற்பது வருஷம் முன்பு ஊட்டியில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் இதையேதான் செய்தார். தங்கள் ஊர் மலைவாசத்தின் சாயல் வேண்டுமென்றால் ஏரி வேண்டும், இல்லையென்றால் வெட்டிக்கொள்வது. நிரம்பி வழியும் தண்ணீர்தான், மலைப்பாதையில் எல்லா வண்டியும் நின்று படம் எடுக்கும் வெள்ளி அருவி.

லெவிஞ்ச் ஏரியில் மீன் விட்டார், தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1860-களில் மலைக்கு வண்டிச் சாலையே கிடையாது. அப்புறம் படகு எப்படி ஏறியது? ஆள்தான் தூக்கியிருக்க வேண்டும். கலெக்டர் படகு கொண்டுவந்தார் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தூக்கியவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோப்பில் கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் நிற்கும்.

1875-இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் 'கொடைக்கானல் ரோடு' என்று நிலையத்துக்குப் பெயர் வைத்தார்கள். பெயரில் கொடைக்கானல் இருந்ததே தவிர, ஊர் இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரயிலை விட்டு இறங்கிய துரைமார் குடும்பங்கள் இரவு முழுக்க மாட்டுவண்டியில் குலுங்கி, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்குப் போய்ச் சேர்வார்கள். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. குதிரை ஏறத் தெரிந்தவர் குதிரையில். துரைசாணிகளும் குழந்தைகளும் டோலியில், அல்லது கழிகளில் கட்டிய நாற்காலியில். பெட்டி படுக்கை, பாத்திர பண்டம், பால்மாடு தவிர மற்ற எல்லாம் தலைச்சுமை.

என் மாமியார் தேவதானப்பட்டிப் பக்கம். அவருடைய தாத்தா டோலி தூக்கியவர். இது எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் தெரியாது. 1983 மே மாதம் முதல்முறையாகக் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். வத்தலக்குண்டு தாண்டியதும் பிள்ளைகள் வாந்தி. மாமியார் மடியில் எலுமிச்சம்பழமும் புளியோதரைத் தூக்கும். ஏரிக்குப் போய் மிதிபடகுக்குச் சீட்டு வாங்கினேன். மாமியார் ஏற மறுத்து, கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் பயம் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் அவர் சொன்னார்: "எங்க தாத்தா இந்த ஊருக்கு எத்தன தடவ வந்துருக்காரு தெரியுமா மாப்ள? பள்ளத்துல இருந்து தொரசாணிய தூக்கிக்கிட்டு வந்து எறக்கிட்டு, அன்னைக்கே கீழ எறங்கிருவாராம். ராத்திரி தங்குனா குளிர் தாங்காது, போத்திக்க ஒண்ணும் கெடையாதுல்ல. இந்த ஏரிய சுத்திப் பாத்தாரோ என்னமோ."

அவ்வளவுதான் சொன்னார். தாத்தாவின் வலது தோளில் கழி அழுத்தி அழுத்தி, எலுமிச்சை அளவுக்குக் காய்த்துப் போயிருந்ததாம். சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத் தொட்டுத் தொட்டு விளையாடியதாகச் சொன்னார். பிறகு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தோம், பேரனோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வேலை ஒழிந்தது சாலை வந்ததால். மேஜர் லா என்பவர் மேற்பார்வையில் போட்ட மலைச்சாலை 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. இன்றும் அது 'லாஸ் காட்' சாலைதான். அதற்குள் மேலே ஒரு முழு ஊர் உருவாகியிருந்தது. 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் நடைபாதை போட்டார். 1890-இல் படகுச் சங்கம், 1895-இல் செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி, 1901-இல் இன்றைய சர்வதேசப் பள்ளி, 1908-இல் பிரையண்ட் பூங்கா. இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி சாலைக்கு முந்திய காலத்தில் மேலே போனவை.

சூரிய ஆராய்ச்சி நிலையம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை; அதன் வேர் நம் சமவெளியில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ, அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமோ என்று யோசித்துத்தான் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஒரு நிலையம் கேட்டார்கள். மிச்சி ஸ்மித் பொறுப்பில் 1899-இல் தொடங்கி, 1901-இல் வேலை ஆரம்பித்தது. 1909-இல் எவர்ஷெட் அங்கிருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். உலகம் முழுக்க அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. மழையை முன்கூட்டிச் சொல்லும் கனவு பலிக்கவில்லை. கருவிகள் ஏறியதும் அந்த ஒற்றையடிப் பாதைக் காலத்தில்தான். பஞ்சத்தில் தப்பியவர்களின் பிள்ளைகள்தான் அவற்றையும் சுமந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1932-இல்தான் படகுச் சங்கத்தின் படகுகள் பொதுமக்களுக்குக் கிடைத்தன. ஏரி வெட்டி 69 வருஷம் கழித்து! இதை நாம் மட்டும் பட்ட கதை என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் சாதாரணத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை 1936-இல்தான் சட்டமானது, வருஷத்துக்கு இரண்டு வாரம். அதுவரை மலையும் கடற்கரையும் அங்கேயும் பணக்காரர்களுக்கே. எங்கள் வாத்தியார் ஒருவர் 'வக்கான்ஸ்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தச் சட்டம் வந்த வருஷம் தன் தகப்பனார் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார் என்பார். சம்பளத்தோடு லீவு என்பது அரசாங்கம் போடும் பிச்சை இல்லை என்று எழுத்தர் வேலையில் சேரும் முன்பே அவரிடம் கற்றுக்கொண்டேன். மேலதிகாரிகளுக்கு இது அவ்வளவாகப் பிடித்ததில்லை, அது வேறு கதை.

இப்போது நிலைமை தலைகீழ். யாரும் வரக்கூடாது என்ற காலம் போய், எல்லோரும் வந்துவிட்டார்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கையே கட்டினார்கள். மலை தாங்காது என்பது சரிதான், நான் ஒத்துக்கொள்கிறேன். சின்னக் காரில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து வருகிற குடும்பமும், ஆளுக்கொரு பெரிய வண்டியில் வருகிற நண்பர் கூட்டமும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றனவே என்பதுதான் என் குறை. அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் வேண்டாம் என்பது ஒரு ஆறுதல். நாங்கள் இப்போதும் அதில்தான் போகிறோம்.

போன வருஷம் பேரன் கல்லூரித் தோழர்களோடு கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு நடந்தே ஏறினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது 'டிரெக்கிங்', சாகசம். வழிகாட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போகிறார்கள். வார்டு முகாமிட்ட அதே வெள்ளகவிதான். ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்களாம், அந்த ஊர் வழக்கம் அது. முதுகில் ஆறு கிலோ பை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முட்டி வலி என்று படுத்திருந்தான். எதிரே மூட்டை ஏற்றிய குதிரையும் தலைச்சுமையுமாக ஊர்க்காரர்கள் இறங்கி வந்ததையும், ஒதுங்கி வழிவிட்டபோது ஒரு பெரியவர் நிற்காமலே "பாத்துப் போங்க தம்பி, மேல வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னான்.